பசித்த குதிரைகளைப் பார்த்துக் கொதித்த ராஜா: குஷ், அக்சும் பற்றி ஓர் இழை

கருங்கல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நேற்றும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மான்சா மூசா வீடியோ வந்தது. உலகத்திலேயே பெரிய பணக்காரர், இன்றைய மதிப்பில் இத்தனை லட்சம் கோடி என்று. அவருடைய சொத்தை யாரும் கணக்கெடுத்ததில்லை, 14ஆம் நூற்றாண்டு மாலி நாட்டுத் தங்கத்தை இன்றைய டாலரில் சொல்ல ஒரு வழியும் கிடையாது. 1324இல் மக்காவுக்குப் போகும் வழியில் அவர் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கிவிட்டது, 12 வருடம் கழித்தும் நிலைமை சரியாகவில்லை என்று அந்தக் காலத்து அரபு எழுத்தாளர் அல் உமரி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு செய்தியே போதும், அதன்மேல் பொய்க்கணக்கு எதற்கு?

என் ஆதங்கம் வேறு. ஆப்பிரிக்க ராஜாக்கள் என்றால் நம் ஆட்களுக்கு அந்த ஒருவரைத்தான் தெரிகிறது, அவரையும் பணத்தை வைத்துத்தான் தெரிகிறது. அவருக்கு இரண்டாயிரம் வருடம் முன்பே, இன்றைய வட சூடானில் இருக்கிற நபட்டா என்ற ஊரிலிருந்து பியே என்று ஒரு ராஜா, குஷ் என்ற அரசை ஆண்டவர், படையெடுத்துப் போய் எகிப்து முழுவதையும் அடக்கினார். போய் வந்த கதையைத் தானே கல்லில் வெட்டி வைத்தார். 159 வரி. 1862இல் ஜெபல் பர்கல் மலையடிவாரத்துக் கோயில் இடிபாட்டில் கிடைத்தது, இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆளை மறக்க முடியவில்லை. வழக்கமான வெற்றிக் கல்வெட்டு மாதிரி நான் கொன்றேன், எரித்தேன், கொண்டுவந்தேன் என்று முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை. வீரர்களை அனுப்பும்போது, தீபஸ் நகரம் வந்ததும் ஆற்றில் இறங்கிக் குளியுங்கள், வெள்ளைத் துணி உடுத்துங்கள், வில்லைக் கீழே வைத்துவிட்டு அமுன் சாமி சந்நிதிக்குப் போங்கள் என்று கட்டளை போடுகிறார். அப்புறம் ஹெர்மோபோலிஸ் நகரத்தை முற்றுகையிடுகிறார். அங்கே நிம்லாட் என்ற சிற்றரசன். நகரத்துக்குள் பிணவாடை தாங்க முடியாமல் போன பிறகுதான் பணிகிறான், ராணியை அனுப்பி பியேயின் அந்தப்புரப் பெண்கள் காலில் விழ வைக்கிறான். பியே உள்ளே நுழைகிறார், அரண்மனை அறைகளையெல்லாம் பார்க்கிறார், பொன்னையும் துணிமணியையும் காட்டுகிறார்கள், அந்தப்புரப் பெண்கள் வந்து வணங்குகிறார்கள், அவர் அவர்கள் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகக் குதிரை லாயத்துக்குப் போகிறார். குதிரைகள் முற்றுகையில் தீவனமில்லாமல் வற்றிக் கிடக்கின்றன. அங்கேதான் அவருக்குக் கோபம் பொங்குகிறது. நீ எனக்குச் செய்த எல்லாக் குற்றத்தையும்விட இந்தக் குதிரைகளைப் பட்டினி போட்டதுதான் என் மனதை அதிகம் நோகடிக்கிறது என்று நிம்லாட்டிடம் சொல்கிறார்.

2,700 வருடம் முன்னால் ஒரு மனுஷன் பேசியது அப்படியே காதில் விழுகிற மாதிரி இல்லையா? அவர் எல் குர்ரு என்ற இடத்தில் புதைக்கப்பட்டார், பக்கத்திலேயே அவருடைய நான்கு குதிரைகளையும் நின்ற நிலையில் புதைத்திருக்கிறார்கள். அதனால் லாயத்துக் கோபம் கல்வெட்டுக்காகச் சேர்த்த அலங்காரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பழைய ஆப்பிரிக்க அரசுகளைப் பற்றிப் பேச இந்த இழை. ஒரே வேண்டுகோள், வெளியூர்க்காரர் அவர்களைப் பற்றி எழுதியதைவிட அவர்களே எழுதி வைத்ததை முதலில் எடுப்போம்.

அருவி77 எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. ஆனால் ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். அந்தக் கல்வெட்டு எகிப்திய எழுத்தில், எகிப்திய மொழியில் இருக்கிறது. கும்பிடுவது அமுன், அதுவும் எகிப்தியச் சாமி. கட்டியது பிரமிடு. அப்படியென்றால் குஷ் என்பது எகிப்தைப் பார்த்துச் செய்த நகல்தானே? சொந்தமாக என்ன இருந்தது? நான் கல்லூரியில் படித்த புத்தகத்தில் இந்த குஷ் ராஜாக்களை எகிப்தின் 25ஆம் வம்சம் என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள், அதுவும் எகிப்து பாடத்துக்குள்ளே.

கருங்கல் எழுதியது:

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை தம்பி. இதே கேள்வியில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள்.

நபட்டாவுக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முன்னாலேயே கெர்மா என்று ஒரு தலைநகரம், நைலின் மூன்றாவது பாறைத்தடைக்குப் பக்கத்தில். கிமு 2500 வாக்கிலிருந்து கிமு 1500 வரை. நடுவில் பச்சைச் செங்கல்லால் கட்டிய பிரம்மாண்டமான கோயில், உள்ளூர்க்காரர்கள் தெஃபூஃபா என்கிறார்கள், இன்றைக்கும் ஆறு மாடி உயரத்துக்கு நிற்கிறது. ராஜாக்களின் சமாதி மேடுகள் வட்டமானவை, பெரியது கிட்டத்தட்ட 90 மீட்டர் குறுக்களவு. ராஜாவோடு நூற்றுக்கணக்கான ஆட்களையும் புதைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

1913இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ரைஸ்னர் அங்கே தோண்டினார். ஒரு மேட்டில் எகிப்திய அதிகாரி ஒருவரின் சிலையும் அவர் மனைவியின் சிலையும் கிடைத்தன. உடனே அவர் கட்டிய முடிவு, இது எகிப்திய ஆளுநரின் சமாதி, அந்தச் செங்கல் கட்டடம் எகிப்தியக் கோட்டை. இவ்வளவு பெரிதாக உள்ளூர்க்காரர் கட்டியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையில் அந்தச் சிலைகள் கெர்மா ராஜாக்கள் எகிப்திலிருந்து கொண்டுவந்தவை. சமாதி அவர்களுடையது, கோயிலும் அவர்களுடையது. 1970களிலிருந்து சுவிஸ் தொல்லியலாளர் ஷார்ல் போனே பல பத்தாண்டு அங்கேயே கிடந்து தோண்டி இதையெல்லாம் நிலைநாட்டினார். ரைஸ்னர் சோம்பேறி இல்லை, அவருடைய குறிப்புகள் அவ்வளவு துல்லியம், அதை வைத்துத்தான் அவருடைய முடிவையே மறுக்க முடிந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் சரியாக எழுதிவிட்டு, யார் கட்டியது என்ற இடத்தில் மட்டும் தவறினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலாம் துட்மோஸ் என்ற எகிப்து ராஜா காலத்தில் எகிப்து கெர்மாவை அழித்தது, அப்புறம் சுமார் 500 வருடம் எகிப்தின் ஆட்சி. அவ்வளவு நாள் ஆண்டால் சாமியும் எழுத்தும் ஒட்டத்தான் செய்யும். ஆனால் எதை எடுத்தார்கள், எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். எகிப்து ராஜாக்கள் பிரமிடு கட்டுவதை விட்டு 800 வருடம் ஆகியிருந்தது, இவர்கள் எடுத்துக் கட்டினார்கள், ஒடுங்கி, செங்குத்தாக, உள்ளே இல்லாமல் அடியில் பாறையைக் குடைந்து அறை வைத்து. அந்த அறையில் ராஜாவைக் கட்டிலில் கிடத்தும் வழக்கம் கெர்மாவிலிருந்தே வருவது. நெற்றியில் எகிப்து ராஜாவுக்கு ஒரு நாகம், இவர்களுக்கு இரண்டு. சூடானில் இருக்கிற பிரமிடுகள் 200க்கும் மேல், எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமுன் எகிப்திலிருந்து தங்களுக்கு வந்த சாமி என்று பியே நினைக்கவில்லை. ஜெபல் பர்கல் மலையின் ஓரத்தில் தனியாக ஒரு பாறைத்தூண், தூரத்திலிருந்து பார்த்தால் சீறி எழும் நாகம் மாதிரி. அந்த மலைக்குள்தான் அமுன் குடியிருக்கிறார் என்று எகிப்தியர்களே நம்பினார்கள். ஆக, பியேயின் கணக்கில் சாமியின் சொந்த ஊர் அவருடைய ஊர். எகிப்தில் ஆசாரம் கெட்டுப்போனது, சரிசெய்யப் போகிறேன் என்றுதான் போனார். கடைசியில் பணிய வந்த சிற்றரசர்களில் நிம்லாட்டை மட்டும்தான் அரண்மனைக்குள் விட்டார், மற்றவர்கள் மீன் தின்பவர்கள் என்று வாசலோடு நிறுத்திவிட்டார்! அப்புறம் கப்பல்களில் பொருளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். நகல் எடுக்கிறவன் இப்படி நடந்துகொள்வானா?

ஜெபமாலை எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. எங்கள் வீட்டில் தினமும் வேதம் வாசிப்போம். 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பியாவின் ராஜாவாகிய திராக்கா என்று வருகிறது, அசீரியருக்கு எதிராகப் புறப்பட்டு வருகிறவர். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பியருடைய ராஜஸ்திரீ கந்தாகே, அவளுடைய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசித்துக்கொண்டு வருவார். இவர்கள் நீங்கள் சொல்கிற சூடான் ராஜாக்களா, அல்லது எத்தியோப்பியாவா? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் வரைபடத்தில் அடிஸ் அபாபாவைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

கருங்கல் எழுதியது:

அருமையான கேள்வி அக்கா. இரண்டுமே இன்றைய சூடான்தான். எபிரேய மூலத்தில் குஷ் என்று இருக்கிறது. கிரேக்கர்கள் எகிப்துக்குத் தெற்கே இருந்தவர்களை எல்லாம் எத்தியோப்பியர் என்றார்கள், அந்தச் சொல்தான் தமிழ் வேதாகமம் வரை வந்தது. திராக்கா என்பவர் தஹார்கா. பியேயின் மகன், கிமு 690 முதல் 664 வரை குஷ், எகிப்து இரண்டையும் சேர்த்து ஆண்டவர். கர்னாக் கோயிலில் அவர் எழுப்பிய தூண்களில் ஒன்று இன்னும் முழுதாக நிற்கிறது. அசீரிய ராஜா எசர்ஹத்தோன் கிமு 671இல் மெம்பிஸைப் பிடித்தார், அதோடு தஹார்காவின் நல்ல காலம் முடிந்தது. அவருக்கு அடுத்து வந்த தந்தமனி காலத்தில் அசீரியர் தீபஸையே சூறையாடினார்கள், குஷ் ராஜாக்கள் தெற்கே திரும்பினார்கள்.

திரும்பினார்கள் என்றதும் கதை முடிந்தது என்று புத்தகங்கள் மூடிவிடுகின்றன. அதற்குப் பிறகு இன்னும் ஆயிரம் வருடம் அந்த அரசு நடந்தது! ராஜாக்களின் சமாதிகள் கிமு 3ஆம் நூற்றாண்டில் மெரோவே என்ற நகரத்துக்கு மாறின, அங்கே இரும்பு உருக்கிய கசடு இன்றைக்கும் குன்று குன்றாகக் கிடக்கிறது, ரயில் பாதை அதன் ஊடாகப் போகிறது.

கந்தாகே என்பது ஆள் பெயர் இல்லை, பட்டம். ராஜமாதா அல்லது ஆளும் ராணி. அவர்களில் ஒருவர் அமனிரெனாஸ். ரோம் எகிப்தைப் பிடித்த கொஞ்ச வருடத்திலேயே, கிமு 25 வாக்கில், குஷ் படை எகிப்தின் தெற்கு எல்லையில் இருந்த அஸ்வானையும் எலிஃபன்டைனையும் ஃபிலேயையும் தாக்கி அகஸ்டஸ் சீசரின் சிலைகளை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனது. ரோமானிய ஆளுநர் பெட்ரோனியஸ் பதிலுக்கு வந்து நபட்டாவைச் சூறையாடினார். ஸ்ட்ராபோ என்ற அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் அந்தக் கந்தாகேவை ஆண்மை மிகுந்த, ஒரு கண் பார்வையிழந்த பெண் என்று எழுதுகிறார். கடைசியில் குஷ் தூதர்கள் சாமோஸ் தீவு வரை போய் அகஸ்டஸை நேரில் பார்த்துப் பேசினார்கள், அவர் கப்பம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

1910இல் மெரோவேயில் ஒரு சிறு கோயிலின் வாசற்படிக்கு அடியில் வெண்கலத் தலை ஒன்று கிடைத்தது. அகஸ்டஸின் தலை. கோயிலுக்குள் போகிற ஒவ்வொருவரும் அதை மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்று புதைத்திருக்கிறார்கள். மணலில் கிடந்ததால் கண்ணில் பதித்த கண்ணாடியும் கல்லும்கூட அப்படியே இருக்கின்றன. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ரோமானியச் சிற்பத்துக்கு உதாரணமாக அதன் படத்தைப் போடுகிறார்கள், அது பிழைத்து நமக்குக் கிடைத்ததே ஒரு கந்தாகேயின் வாசற்படியால்தான்.

வேங்கைமரம் எழுதியது:

மெரோவே பக்கம் நகா என்ற இடத்தில் ஒரு சிங்கமுகக் கடவுள் இருக்கிறாராமே, அபெதெமக் என்று. மூன்று தலை, நான்கு கை. படம் பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. சிங்கமுகம், நான்கு கை என்றால் நரசிம்மர்தானே? நம் ஆட்கள் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு பதிவும் படித்தேன்.

தூரிகை எழுதியது:

நான் ஓவிய ஆசிரியர், அந்தப் புடைப்புச் சிற்பத்தை மாணவர்களோடு உட்கார்ந்து கோடு கோடாக வரைந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்தக் கோயில் நதகமனி ராஜாவும் அமனிதோரே ராணியும் கிபி முதல் நூற்றாண்டில் கட்டியது. பின்சுவரை முழுதாகப் பாருங்கள், சாமியை மட்டும் வெட்டிப் போட்ட படத்தைப் பார்க்காதீர்கள். நடுவில் அபெதெமக், ஒரு பக்கம் ராஜா பரிவாரத்தோடு வருகிறார், மறுபக்கம் ராணி. எகிப்திய, குஷிய முறையில் முகம் எப்போதும் பக்கவாட்டில்தான் வரைய வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறவர்களை ஒரே சாமி வரவேற்க வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு முகம் ராஜா பக்கம், ஒரு முகம் ராணி பக்கம், ஒன்று நேராக நம்மைப் பார்த்து. இரண்டு கை இந்தப் பக்கம் வாங்க, இரண்டு கை அந்தப் பக்கம் வாங்க. மற்ற சுவர்களில் அதே சாமிக்கு ஒரே தலை, இரண்டே கை.

சிலிர்த்தது என்று சொன்னீர்களே, எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே உயரம். நுழைவாயிலின் இரண்டு கோபுரங்களில் ஒன்றில் ராஜா எதிரிகளை முடியைப் பிடித்து அடிக்கிறார், மற்றதில் ராணி அதையே செய்கிறார், அகன்ற தோள், கனத்த இடுப்பு, கையில் வாள். ஆட்சியில் சமபங்கு இருந்தவர்களுக்காக அந்தச் சிற்பி சாமிக்கே கூடுதல் முகம் வைத்தான் என்று நான் நினைக்கிறேன். சில மேற்கத்திய அறிஞர்களும் முன்பு இந்தியச் சாயல் என்று எழுதினார்கள்தான், ஆனால் அந்தச் சிற்பிக்கு அதற்கு வெளியூர் உதவி தேவைப்படவில்லை. கோபுரத்தின் பக்கச் சுவரில் பூவிலிருந்து எழும் பாம்பு உடலோடு அதே சிங்கமுகம் இருக்கிறது, அதையும் பாருங்கள், அது எந்த ஊரிலும் கிடையாது.

வேங்கைமரம் எழுதியது:

பின்சுவர் முழுப்படம் இப்போதுதான் பார்த்தேன் சார். நீங்கள் சொல்வது சரி. அந்தப் பதிவை நான் பகிர்ந்த இடத்தில் போய் நீக்கிவிட்டேன்.

ஆசிரியர்மகள் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. என் அப்பா 1972இலிருந்து நான்கு வருடம் எத்தியோப்பியாவில் அட்வா ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தார். அந்தக் காலத்தில் நம் ஊரிலிருந்து நிறையப் பேர் அங்கே ஆசிரியர் வேலைக்குப் போனார்கள். பழைய அக்சும் அரசின் தலைநகரமான அக்சும் பக்கத்து ஊர்தான், விடுமுறை நாளில் பஸ்ஸில் போய்விடுவாராம்.

அங்கே இருக்கிற கல்தூண்களைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஒரே கல்லில் செதுக்கியது, அடியில் கதவு, கதவில் பூட்டு, மேலே மாடி மாடியாக ஜன்னல், மரவிட்டத்தின் முனைகள் சுவரில் துருத்திக்கொண்டிருப்பதைக்கூடக் கல்லில் காட்டியிருப்பார்கள். அடியில் ராஜாக்களின் சமாதி. எல்லாவற்றிலும் பெரியது 33 மீட்டர், 500 டன்னுக்கு மேல், நிறுத்தும்போதே விழுந்திருக்க வேண்டும், உடைந்த துண்டுகள் விழுந்தபடி கிடக்கின்றன. அப்பா அதன் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவில் அவர் தலை அந்தக் கல்லின் விளிம்பைக்கூட எட்டவில்லை. 24 மீட்டர் தூணை முசோலினி ஆட்கள் 1937இல் ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அப்பா இருந்தபோது அந்த இடம் காலி. 2005இல் மூன்று துண்டாக விமானத்தில் திரும்பி வந்தது, 2008இல் நிறுத்தினார்கள். செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார், கொஞ்ச நேரம் கழித்துதான் வந்தார்.

அவருக்கு அங்கே ரொம்பப் பிடித்தது அவர்களுடைய எழுத்து. ஹ, ஹு, ஹி, ஹா என்று ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம், எழுத்தின் காலிலோ தலையிலோ ஒரு சின்னக் கோடு சேர்த்தால் உயிர் மாறிவிடும். நம் உயிர்மெய் மாதிரியே இருக்கிறதே என்று ஒரே மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டாராம், வெள்ளைக்கார ஆசிரியர்கள் திணறிக்கொண்டிருந்தார்களாம். எங்களுக்குத் தாலாட்டு மாதிரி அதைச் சொல்லிக் காட்டுவார்.

கருங்கல் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா படித்த அந்த உயிர்க்குறி கல்லில் வர ஆரம்பிப்பதே அக்சுமை ஆண்ட எசானா ராஜா காலத்தில்தான், 4ஆம் நூற்றாண்டின் நடுவில். அதுவரை அவர்களுடைய பழைய மொழியான கீஸை வெறும் மெய்யெழுத்தில் எழுதினார்கள், அராபியத் தெற்குப் பக்கத்து வழக்கம் போல.

எசானாவின் கல்வெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் ஒரு மனிதர் மதம் மாறுவது கண்முன்னால் நடக்கும். முதலில் தன்னை மஹ்ரெம் என்ற போர்க்கடவுளின் மகன் என்கிறார். பெஜா மக்களை அடக்கிய கதை, அதையே கிரேக்கத்திலும் கீஸிலும், கீஸை மறுபடி தென்னராபிய எழுத்திலுமாக வெட்டி வைத்தார், கடலில் வருகிறவனும் படிக்க வேண்டும், கரையில் இருக்கிறவனும் படிக்க வேண்டும் என்று. தோற்ற ஆறு பெஜா தலைவர்களையும் மக்களோடு வேறிடத்தில் குடியேற்றி, வழியில் என்ன சாப்பாடு போட்டேன் என்பது வரை எழுதுகிறார். அப்புறம் ஒரு கல்வெட்டில் மஹ்ரெம் காணாமல் போகிறார், வானத்தின் ஆண்டவர் வருகிறார். கிரேக்கக் கல்வெட்டு ஒன்றில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றே தொடங்குகிறது. நாணயத்திலும் அப்படித்தான், முதலில் ராஜா தலைக்கு மேலே பிறையும் வட்டமும், பிறகு சிலுவை. தீர் நகரத்திலிருந்து கப்பலில் வந்து பிடிபட்டு அரண்மனையில் வளர்ந்த ஃப்ருமென்டியஸ் என்பவர் எசானாவுக்கு வழிகாட்டினார், அலெக்சாண்டிரியாவில் திருச்சபைத் தலைவர் அதனேசியஸ் அவரை ஆயராக்கி அனுப்பினார்.

அந்த வானத்தின் ஆண்டவர் பெயரால்தான் எசானா நூபா மக்கள் மேல் படையெடுத்து, நைலும் அத்பாராவும் கூடும் இடம் வரை போகிறார். அதாவது மெரோவே பக்கம். மெரோவே அப்போதே தளர்ந்துபோயிருந்தது, 4ஆம் நூற்றாண்டோடு அங்கே ராஜ சமாதிகளும் நின்றுவிடுகின்றன. பியே வழியில் வந்த அரசின் கடைசிப் பக்கத்தைப் படிக்க எசானாவின் கல்லுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அக்சும் காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் எந்துபிஸ் ராஜா தங்கக்காசு அடிக்கத் தொடங்கினார். ராஜா முகத்துக்கு இரு பக்கமும் தானியக்கதிர். செப்புக்காசில் ஒன்றில் கிரேக்கத்தில் ஒரு வாசகம் வருகிறது, இது நாட்டுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று. ஏழைகள் கையில் புழங்கும் சில்லறையில் ஒரு ராஜா அப்படி எழுதி வைத்தது எனக்கு 33 மீட்டர் தூணைவிடப் பெரிதாகப் படுகிறது.

கடற்கரைவாசல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். அக்சும் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் நஜ்ஜாஷி மன்னர். மக்காவில் கொடுமை தாங்காமல் 615இல் நபிகளாரின் தோழர்களான சஹாபாக்கள் கடல் கடந்து அபிசீனியாவுக்கு, அதாவது அக்சும் நாட்டுக்கு, ஹிஜ்ரத் (அடைக்கலம் தேடி) போனார்கள். அவர்களைத் துன்புறுத்திய மக்கா குலத்தாரான குறைஷிகள் மன்னருக்குப் பரிசுகளோடு ஆள் அனுப்பி, அவர்களைத் திருப்பித் தரச் சொன்னார்கள். தோழர்களில் ஒருவரான ஜஃபர் (ரலி) குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார்கள், மன்னர் அழுதார், பரிசுகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் இறந்த செய்தி கிடைத்தபோது நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவில் அவருக்காகக் காயிப் ஜனாஸா (உடல் முன்னால் இல்லாமல் தொழும் இறுதித் தொழுகை) தொழுதார்கள். எங்கள் மதரஸாவில் இதைக் கேட்டு வளர்ந்தவன் நான், ஆனால் அந்த மன்னருடைய நாட்டில் இத்தனை பெரிய கல்தூண்கள் இருந்தன, அவருடைய முன்னோர் தங்கக்காசு அடித்தார்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அக்சும் அரசின் துறைமுகம் அதூலிஸ், செங்கடல் கரையில், இப்போது எரித்திரியாவுக்குள் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாண்டிரிய வணிகர் அங்கே போயிருக்கிறார். அவர் எழுதிய நூலில் இலங்கை வருகிறது. சோபாத்ரோஸ் என்ற ரோமானிய வணிகர் அதூலிஸ் ஆட்களோடு சேர்ந்து இலங்கைக்கு வருகிறார், அங்கே ஒரு பாரசீகரும் இருக்கிறார், உங்கள் இருவரில் யாருடைய ராஜா பெரியவர் என்று இலங்கை மன்னன் கேட்கிறான். சோபாத்ரோஸ் இரண்டு நாட்டுக் காசையும் வைத்து, நீங்களே பாருங்கள் என்கிறார். ரோமானியக் காசு தங்கம், பாரசீகக் காசு வெள்ளி. உடனே அவரை யானை மேல் ஏற்றிப் பறையடித்து ஊர்வலம் விட்டார்களாம்.

காசைப் பார்த்து ராஜாவை எடைபோடும் கதை 1ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினியிடமும் கிட்டத்தட்ட இருக்கிறது, ஆகவே அந்தக் காட்சியை நான் அப்படியே நம்பவில்லை. எனக்கு முக்கியமாகத் தெரிவது காஸ்மாஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற துணுக்குதான்: ரோமானியர் இலங்கைக்கு வருவது அதூலிஸ் ஆட்களின் கப்பலில். அப்படியென்றால் இந்தக் கடலில் வழி தெரிந்தவர்கள் அவர்கள். மங்களூர்ப் பக்கம் கிடைத்த புதையல் ஒன்றில் ரோமானியத் தங்கக்காசுகளோடு அக்சும் தங்கக்காசுகளும் இருந்தன. அந்தப் பக்கம், எத்தியோப்பியாவின் தெப்ரே தாமோ மடத்தில் 1940இல் வட இந்தியாவை ஆண்ட குஷாணரின் தங்கக்காசுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்தன. அரபிக்கடலில் இருக்கிற சொகோத்ரா தீவில் ஹோக் குகைக்குள் பரூகச்சத்து (இன்றைய குஜராத்தின் பரூச்) மாலுமிகள் பிராமியில் பெயர் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதே குகையில் அக்சும்காரர்களின் எழுத்தும் இருக்கிறது.

நெல்மணி எழுதியது:

எல்லோரும் நைல் பக்கமே நிற்கிறீர்கள், மேற்கு ஆப்பிரிக்காவைக் கொஞ்சம் சொல்கிறேன். மாலிக்கு முன்னால் கானா அரசு, அவர்கள் சொந்தப் பெயர் வகது. இன்றைய கானா நாட்டுக்கும் அதற்கும் இடத்தால் சம்பந்தமில்லை, அது மௌரித்தானியா, மாலி எல்லைப்பக்கம். 1068இல் அல் பக்ரி என்ற அரபு நூலாசிரியர் எழுதும்போது துன்கா மனின் என்பவர் ராஜா. அவர் பட்டத்துக்கு வந்தது தாய்மாமனுக்குப் பிறகு, ஏனென்றால் அங்கே ராஜாவின் மகன் வாரிசு இல்லை, சகோதரியின் மகன்தான். நம் பக்கத்து மருமக்கத்தாயம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். உப்பு ஏற்றிய கழுதை நாட்டுக்குள் வந்தால் ஒரு தினார் வரி, வெளியே போனால் இரண்டு. தங்கக் கட்டி கிடைத்தால் ராஜாவுக்கு, தங்கப்பொடி மக்களுக்கு. எல்லாக் கட்டியும் சந்தைக்கு வந்தால் விலை விழுந்துவிடும் என்று காரணமும் எழுதியிருக்கிறது. பிற்காலத்தில் மான்சா மூசா கெய்ரோவில் செய்தது இந்தப் பழைய அறிவுக்கு நேர்மாறு.

ஆனால் கருங்கல் அண்ணா, உங்கள் வேண்டுகோளில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அவர்களே எழுதி வைத்ததைத்தான் முதலில் எடுப்போம் என்றால் வகதுவுக்கு என்ன செய்வது? அல் பக்ரி ஸ்பெயினில் கொர்தோபாவில் உட்கார்ந்து பயணிகளைக் கேட்டு எழுதியவர், அந்த நாட்டுக்குப் போனதே இல்லை. மாலி அரசை நிறுவிய சுந்தியாதா 1235 வாக்கில் கிரினா போரில் எதிரி ராஜா சுமங்குருவை வென்றதை யாரும் கல்லில் வெட்டவில்லை, பாணர்கள் வாயால் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். கல் இல்லாதவன் கடைசி வரிசையா?

கருங்கல் எழுதியது:

நெல்மணி, நீங்கள் சொன்னது நியாயம். நான் எழுதியது என்று சொன்னது தப்பு, அவர்களே சொன்னது என்று சொல்லியிருக்க வேண்டும். பாணர் பாட்டும் அவர்கள் சொன்னதுதான். அதையும் வாய்வழி என்று தள்ளிவிட்டு அரபு நூலை மட்டும் வைத்துக்கொண்டால் ரைஸ்னர் செய்ததையே நானும் செய்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூசாவுக்கு முன்னால் ஆண்டவர் 2,000 படகோடு அட்லாண்டிக்கில் புறப்பட்டுத் திரும்பவே இல்லை என்று வீடியோக்களில் அபுபக்கர் என்று பெயர் போடுகிறார்கள். மூசா கெய்ரோவில் சொன்னதை அல் உமரி எழுதியிருக்கிறார், அதில் அந்த ராஜாவின் பெயரே இல்லை. பெயர் 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் நடந்த குழப்பத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

கல் இருந்தும் வாய் திறக்காதவர்களும் இருக்கிறார்கள். மெரோவே ராஜாக்கள் எகிப்திய எழுத்தை விட்டு, கிமு 2ஆம் நூற்றாண்டு வாக்கில் சொந்த எழுத்து செய்தார்கள், 23 குறி. 1911 வாக்கிலேயே க்ரிஃபித் என்பவர் ஒவ்வொரு குறியின் ஒலியையும் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வாய்விட்டு வாசிக்கலாம். பொருள்தான் பெரும்பாலும் தெரியாது, மொழி செத்துப்போய்விட்டது. அமனிரெனாஸ் பெயர் வருகிற பெரிய கல்வெட்டு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ரோமோடு நடந்த சண்டையைத் தன் வாயால் அவர் அதில் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. நமக்கு ஸ்ட்ராபோவின் ஒரு கண் ராணிதான் கிடைக்கிறார்.

அருவி77 எழுதியது:

முதலில் நகல் என்று எழுதியவன் நான்தான். மூன்று நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். 2003இல் கெர்மா பக்கம் ஒரு குழிக்குள் ஐந்து ராஜாக்களின் ஏழு சிலைகள் கழுத்திலும் காலிலும் உடைபட்டுக் கிடைத்தன என்று பார்த்தேன், தஹார்கா, தந்தமனி எல்லாம். எகிப்திலிருந்து இரண்டாம் சாம்திக் கிமு 593இல் படையெடுத்து வந்தபோது உடைத்திருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் துண்டுகளைப் பொறுக்கி மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். அதே சாம்திக் எகிப்துக்குள்ளேயும் இந்த ராஜாக்களின் பெயர்களைக் கல்லிலிருந்து சுரண்ட வைத்திருக்கிறார். நகல் என்றால் இவ்வளவு பயந்து அழித்திருக்க மாட்டார்களே. சூடானில் இப்போது இந்தப் பொருள்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா அண்ணா?

கருங்கல் எழுதியது:

அந்த ஏழு சிலைகளையும் ஒட்ட வைத்துக் கெர்மாவிலேயே ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகத்தின் கதை வேறு தம்பி. 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கிய பிறகு அது ஆயுதக்காரர்கள் கையில் சிக்கியது, உள்ளே இருந்த பொன்னும் சிறு சிலைகளும் லாரி லாரியாகப் போய்விட்டன. தஹார்காவின் பெரிய கற்சிலை மட்டும் கனத்தால் தப்பி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் போனது என்ன, இருப்பது என்ன என்று திரும்பப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர்மகள் எழுதியது:

அப்பாவின் போட்டோவையும், அவர் கைப்பட எழுதி வைத்த கீஸ் எழுத்து அட்டவணையையும் ஸ்கேன் செய்து இந்த வாரம் போடுகிறேன். ஓரத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறார். அப்பா இருந்திருந்தால் பியேயின் குதிரைக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். அந்த 159 வரியில் அது எந்த இடத்தில் வருகிறது என்று சொல்ல முடியுமா?

கருங்கல் எழுதியது:

அறுபதுகளில் வருகிறது அம்மா. அந்தப்புரப் பெண்கள் வணங்குகிற வரியைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு அடுத்ததே லாயம்தான். அட்டவணையைப் போடுங்கள், காத்திருக்கிறேன்.